ஓடிட்டிருக்கற சோலார் சிஸ்டத்துல ஹைட்ரஜன் சேர்க்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க

எலக்ட்ரோலைசர் (கரண்ட் விட்டு தண்ணியிலேருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கற மெஷின்) விலை விசாரிக்கறதுக்கு முன்னாடி உங்க ஒரு வருஷத்து லோடையும் சோலார் உற்பத்தியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. கரண்ட் பத்தாம போறது ராத்திரி மட்டும்தானா, இல்ல மழைக்காலம் குளிர்காலம்னு வாரக்கணக்கா பத்தாம போகுதா? ராத்திரி மட்டும்னா பேட்டரியே போதும், ஹைட்ரஜன் பக்கமே போகாதீங்க.

ஏன்னா நஷ்டம் அவ்வளவு. 1 கிலோ ஹைட்ரஜன் பிரிச்சு எடுக்க 50லேருந்து 55 யூனிட் போகும், அதையே ஃபியூயல் செல்லுல (ஹைட்ரஜனைத் திரும்ப கரண்ட்டா மாத்தற கருவி) விட்டா திரும்ப வர்றது 16 யூனிட் பக்கம்தான், மிச்சமெல்லாம் சூடாப் போயிடும். அதனால சும்மா வீணாப் போற உபரி கரண்ட்டை மட்டும் இதுக்குக் குடுங்க. பெம் வகை (உள்ள மெம்பிரேன்னு ஒரு மெல்லிசான சவ்வு இருக்கற) ஃபியூயல் செல் 60லேருந்து 80 டிகிரில ஓடும், அந்தக் கூலிங் தண்ணியோட சூட்டை வெந்நீருக்கு எடுத்துக்கிட்டா நஷ்டத்துல ஒரு நல்ல பங்கு கைக்கு வந்துடும், ஆனா பைப் லைன் போடறப்பவே இதை யோசிச்சுடணும்.

டேங்க் சைஸ் விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாந்துடறாங்க. 30 பார் பிரஷர்ல 1000 லிட்டர் டேங்க் முழுக்க நிரப்பினாலும் உள்ள இருக்கறது 2.4 கிலோதான், அதாவது ஃபியூயல் செல் வழியா திரும்பக் கிடைக்கறது கிட்டத்தட்ட 38 யூனிட். நிறைய பெம் எலக்ட்ரோலைசர் தானாவே 30 பார் வரைக்கும் குடுக்கும், அதோட நிறுத்திக்கிட்டா கம்ப்ரஸர் தலைவலி இல்ல. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குத் தண்ணி குறைஞ்சது 9 லிட்டர் வேணும், அதுவும் உப்பு சுத்தமா எடுத்த டீஅயனைஸ்டு தண்ணி, குழாய்த் தண்ணி விட்டா மெம்பிரேன் காலி.

பேட்டரியைக் கழட்டிடாதீங்க, அதுதான் நடுவுல நிக்கணும். மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்போ வர்ற திடீர் லோடை பேட்டரி தாங்கட்டும், ஃபியூயல் செல் ஒரு டிசி கன்வெர்ட்டர் (வோல்டேஜை மாத்திக் குடுக்கற கருவி) வழியா நிதானமா பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தட்டும். பேட்டரி 30 சதவீதத்துக்கு இறங்கினா ஆன், 70 ஆனா ஆஃப்னு நல்ல இடைவெளி விட்டு செட் பண்ணுங்க, அடிக்கடி ஆன் ஆஃப் ஆனா ஸ்டாக் (ஃபியூயல் செல்லுக்குள்ள இருக்கற செல் அடுக்கு) சீக்கிரம் தேஞ்சுடும்.

சேஃப்டில மட்டும் தயவுசெஞ்சு சமரசம் பண்ணிக்காதீங்க. இந்த கேஸுக்கு வாசனை கிடையாது, பகல்ல எரிஞ்சா நெருப்பும் கண்ணுக்குத் தெரியாது, காத்துல 4 சதவீதம் கலந்தாலே பத்திக்கும். எல்லாத்தையும் விட லேசான கேஸ், மேல போய் கூரைக்கு அடியில தேங்கும், அதனால சென்சரும் காத்துப் போற வழியும் ரூம்ல இருக்கற உச்சி இடத்துல இருக்கணும். 1 சதவீதத்துல அலாரமும் ஃபேனும், 2ல வால்வு தானா மூடிக்கணும். கேஸ் விடறதுக்கு முன்னாடி லைன் முழுக்க நைட்ரஜன் ஏத்தி ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி தடவி நின்னு பாருங்க, கடுகளவு குமிழி ஒண்ணு மெதுவா வளர்ந்தாலும் அது லீக்தான். டேங்க் லைன் வேலையை லைசென்ஸ் இருக்கறவங்க கிட்ட மட்டும் குடுங்க.

முதல் தடவை ஓட்டறப்போ ஃபியூயல் செல்லோட எக்ஸாஸ்ட் குழாய் நுனியைப் பாருங்க, சுத்தமான தண்ணி சொட்டு சொட்டா விழும், பர்ஜ் ஆகறப்போ (உள்ள தேங்கினதை வெளிய தள்ளறப்போ) கொஞ்சம் ஹைட்ரஜனும் வெளிய வரும். குழாயைக் கட்டடத்துக்கு வெளிய திறந்த இடத்துக்குக் கொண்டு போங்க, சரிவா வைங்க, தண்ணி தேங்கி நின்னா காத்துப் போக வழி இல்லாம செல் வோல்டேஜ் இறங்கிடும்.