ரூட் கெனாலுக்குப் பிறகும் வலித்த பல்

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் சிகிச்சை. போகும் முன்பே வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டேன், ஏனென்றால் ஊசி போட்டு மரத்த வாய் பழையபடி ஆக 2, 3 மணி நேரம் பிடிக்கும், அதற்குள் எதையாவது மென்றால் கன்னத்தையே கடித்துக்கொள்வோம். சிகிச்சையில் வலி இல்லை, வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடைதான் கடுத்தது. அப்புறம் மறுபக்கமாக மென்று, எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். வீக்கம் இல்லை, ஆனால் வாயை மூடினாலே அந்தப் பல் மட்டும் முதலில் இடித்துச் சுருக்கென்றது. திரும்பப் போனதும் டாக்டர் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, மை அழுத்தமாகப் பதிந்த இடத்தில் அடைப்பை லேசாகத் தேய்த்துவிட்டார், அவ்வளவுதான், இடிப்பது நின்றது. பல்லுக்கு மேல் கேப் (உறை) போடும்வரை அந்தப் பக்கம் முறுக்கு வேண்டாம், பல் பிளந்தால் பிடுங்க வேண்டிவரலாம்.