மக்கன் பேடா பெட்டியைத் திருத்திய அனுபவம்

ஆற்காட்டு மக்கன் பேடாவுக்காக நான் முதலில் வடிவமைத்த அட்டைப்பெட்டியில் தஞ்சைக் கோபுரத்தை வரைந்திருந்தேன். நவாபுகளின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் இந்த இனிப்புக்கும் அந்தக் கோபுரத்துக்கும் என்ன உறவு என்று கடைக்காரர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மறுநாளே பாலாற்றங்கரையிலுள்ள, ஆற்காட்டுப் பழைய கோட்டையின் வாயிலான டெல்லி கேட் முன் நின்று, அதன் வளைவைப் பென்சிலால் வரைந்து வந்து, பெட்டியின் மூடியில் அதே வளைவைச் சாளரமாக வெட்டி, பாகில் ஊறிய பழுப்பு நிறப் பேடா வெளியே தெரியும்படி செய்தேன். எந்த ஓவியத்தையும்விட அதுவே நேர்மையானது என்பது என் கருத்து.

ஆனால் பாகு கசிந்து அட்டையின் மூலைகள் ஊறிப் பிசுபிசுத்தன. கண்ணாடி போன்ற மூடியுள்ள பிளாஸ்டிக் கிண்ணத்தை உள்ளே வைத்ததும் கசிவு நின்றது. கரும்பச்சைப் பின்னணியில், சதுரத்துக்குள் பச்சை வட்டமாக அச்சிட வேண்டிய சைவ உணவுக் குறி கண்ணுக்கே தெரியவில்லை. அதன் பின்னால் வெள்ளைக் கட்டம் விட்டு மறுபடி அச்சிட்டோம்.