வான்காங்கி: தீ விபத்தில் ஜன்னல் வழியே கயிற்றில் இறங்குவது எப்படி?

தென்கொரியாவில் படிக்கவோ வேலைக்கோ போய் வாடகை அறையிலோ விடுதியிலோ தங்குகிறவர்கள், ஜன்னலோரம் ஒரு சின்னப் பெட்டியையும் அதன் பக்கத்தில் சுவரோடு மடக்கி வைத்த இரும்புக் கையையும் பார்த்திருப்பார்கள். துணி காயப்போடும் கம்பி என்று நினைத்து அதில் ஹேங்கர் மாட்டுகிறவர்கள் உண்டு. அது வான்காங்கி. படிக்கட்டில் இறங்க முடியாதபோது, ஜன்னல் வழியாக ஆளைச் சீரான வேகத்தில் தரைக்கு இறக்கிவிடும் கருவி.

கொரிய விதிகளின்படி இது பெரும்பாலும் 3 முதல் 10 வரையான தளங்களுக்கானது. அங்கே தரைத்தளமே 1 என்று எண்ணப்படும். ஆகவே அவர்களுடைய 3வது தளம் நம் கணக்கில் இரண்டாவது மாடி. 10வது தளம் ஒன்பதாவது மாடி, தரையிலிருந்து ஏறக்குறைய 27 மீட்டர் உயரம்.

கருவி தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். இறங்கும்போது நீங்கள் திருகவோ அழுத்தவோ எதுவும் இல்லை. விபரீதம் நடந்தால், பெரும்பாலும் ஜன்னலைத் தாண்டுவதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் செய்த தவறுதான் காரணமாக இருக்கும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

பெட்டியைத் திறந்தால் முதலில் கையில் வருவது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. கைக்கு அடக்கமான உலோக உருண்டை போலவோ டப்பா போலவோ இருக்கும். அதன் தலையில் திருகு மரையால் பூட்டும் ஒரு கொக்கி. கருவிக்குள் நுழைந்து வெளியே வரும் ஒரே கயிறு. அதன் ஒரு முனையில் ஒரு பெல்ட், மறு முனையில் இன்னொரு பெல்ட். மிச்சக் கயிறு முழுவதும் ஒரு ரீலில் சுற்றியிருக்கும். கயிற்றின் உள்ளே குறைந்தது 3 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பிக் கயிறு, வெளியே நெய்த நூல் உறை. பெல்ட்டின் அகலம் குறைந்தது 45 மி.மீ.

கயிறு கருவிக்குள் ஒரு கப்பியைச் சுற்றிப் போகிறது. ஆள் தொங்கியதும் கயிறு இழுபட்டுக் கப்பி சுழலும். கப்பியோடு இணைந்த பல்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைப் பல மடங்கு வேகமாக்கும். வேகமாகச் சுழலும் அச்சில் உள்ள பிரேக் கட்டைகள் மையவிலக்கு விசையால் வெளிப்பக்கம் விலகி, சுற்றியுள்ள வளையத்தின் உட்சுவரில் உரசும். வேகம் கூடினால் உரசலும் கூடும், குறைந்தால் உரசலும் தளரும். அதனால் ஒல்லியானவர் இறங்கினாலும் கனமானவர் இறங்கினாலும் வேகம் ஓர் எல்லைக்குள்ளேயே நிற்கும். மின்சாரமோ பேட்டரியோ தேவையில்லை. கொரியத் தரவிதிப்படி 250, 750, 1500 நியூட்டன் எடைகளைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். தோராயமாக 25, 75, 150 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். எந்த எடையிலும் வேகம் வினாடிக்கு 150 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். வினாடிக்கு ஒரு மீட்டர் என்று கணக்குப் போட்டால் 10வது தளத்திலிருந்து தரைக்கு அரை நிமிடம்.

இவற்றில் 25, 150 என்ற இரண்டு எண்களையும் மனத்தில் வைத்திருங்கள். 25 கிலோவுக்குக் குறைந்த குழந்தையின் எடை கயிற்றை இழுக்கப் போதாமல் போகலாம். குழந்தை பாதியில் தொங்கி நின்றுவிடும். 150 கிலோவுக்கு மேல் போனால் பிரேக்கால் கட்டுப்படுத்த முடியும் என்ற உத்தரவாதம் இல்லை. பெல்ட் ஓர் உடம்புக்காகச் செய்யப்பட்டது. இரண்டு பேர் அதற்குள் நுழையக் கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். படிக்கட்டு வழி, அது முடியாவிட்டால் கதவிடுக்கை ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு ஜன்னலோரம் உதவிக்குக் காத்திருப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள்.

எப்போது இறங்க வேண்டும்

படிக்கட்டில் புகை இல்லையென்றால் படிக்கட்டில்தான் இறங்க வேண்டும், அதுவே வேகமானது. லிஃப்ட் வேண்டாம். கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீர்கள். கொரியத் தீயணைப்பு அவசர எண்ணான 119க்கு அழைத்துக் கட்டடப் பெயர், தளம், அறை எண் மூன்றையும் சொல்லுங்கள். கதவை மூடி இடுக்கை அடைத்த பிறகும் அறைக்குள் புகை வருகிறது, ஏணி வண்டி இன்னும் வரவில்லை என்றால் அப்போதுதான் வான்காங்கி.

ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள தளத்திலிருந்து தீ வெளியே வருகிறதா என்று முதலில் எட்டிப் பாருங்கள். வந்தால் அந்த ஜன்னல் வழியே இறங்கக் கூடாது. கயிறு உங்களை அந்தத் தீயின் முன்னாலேயே நிதானமாகக் கொண்டுபோகும்; நடுவில் வேகத்தைக் கூட்ட உங்களால் முடியாது.

கீழே காற்று மெத்தை விரித்திருப்பதைப் பார்த்துக் குதித்துவிடலாம் என்று தோன்றும். 2024 ஆகஸ்ட் 22 அன்று தென்கொரியாவின் புச்சியோன் நகர ஹோட்டல் தீ விபத்தில் 7 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் காற்று மெத்தையை நோக்கிக் குதித்தவர்கள். முதலில் குதித்தவர் விழுந்தபோது மெத்தை புரண்டுவிட்டது. அறையில் வான்காங்கி இருந்து, கொக்கி மாட்ட ஒரு நிமிடம் கிடைக்குமானால் அதை நம்புவதே மேல்.

செய்முறை

முதலில் கொக்கி. சுவரிலோ தரையிலோ பதித்த இரும்புக் கையின் நுனியில் ஒரு வளையம் இருக்கும். கருவியின் கொக்கியை அதில் மாட்டி, திருகு மரையைக் கையால் முடிந்தவரை இறுகத் திருகுங்கள். அவசரத்தில் மாட்டியதோடு விட்டுவிடுவதுதான் உயிருக்கே உலைவைக்கும் தவறு. மரை பூட்டாத கொக்கியின் வாய், கயிறு ஆடும்போது திறந்துகொள்ளலாம். பூட்டிய பிறகு கருவியை வலுவாக ஒரு முறை கீழே இழுத்துப் பாருங்கள். ஜன்னல் சட்டத்திலோ கட்டில் காலிலோ ஹீட்டர் குழாயிலோ கொக்கியை மாட்டாதீர்கள். அந்த இரும்புக் கை 5000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 500 கிலோ எடை தொங்கினாலும் வளையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. அறையில் வேறு எதற்கும் அந்த உறுதி கிடையாது.

ஜன்னலை முழுவதும் திறந்து, இரும்புக் கையைத் திருப்பியோ நீட்டியோ வெளியே கொண்டுவாருங்கள். கை உள்ளேயே இருந்தால் கயிறு ஜன்னல் விளிம்பில் மடங்கி உரசும். நூல் உறை கிழியும், இறங்குவதும் தடைப்படும்.

அடுத்து ரீல். கீழே ஆள் இல்லை என்று பார்த்து, குரல் கொடுத்து, ரீலை வெளியே போடுங்கள். அது தரை வரை போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பாருங்கள். விளம்பரப் பலகையிலோ ஏசியின் வெளிப்பெட்டியிலோ சிக்கி நின்றால் உதறி விடுவியுங்கள். நீங்கள் இறங்கும்போது அந்தப் பக்கக் கயிறு மேலே ஏற வேண்டும். அது எங்கே சிக்கியதோ, அங்கே நீங்களும் அந்தரத்தில் நிற்பீர்கள்.

பிறகு பெல்ட். மேலே இருக்கும் முனையின் பெல்ட்டைத் தலைவழியாகப் போட்டு, இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி வருமாறு வையுங்கள். இறுக்கும் வளையத்தை மார்பை நோக்கித் தள்ளி, மூச்சு விட முடிகிற அளவுக்கு நன்றாக இறுக்குங்கள். இடுப்பில் கட்டினால் உடம்பின் மேல்பாதிக் கனம் தலைகீழாகக் கவிழ்த்துவிடும். குளிர்காலத்துப் பருத்த ஜாக்கெட்டைக் கழற்றிவிடுவது நல்லது. அதற்கு மேல் கட்டிய பெல்ட், எடை விழுந்ததும் ஜாக்கெட் அமுங்கித் தளர்ந்துவிடும்.

இனி வெளியேறுவது. கருவிக்குச் சற்றுக் கீழே இரண்டு கயிறுகளையும் சேர்த்து இரண்டு கைகளாலும் பிடியுங்கள். ஒன்று இறங்கினால் மற்றொன்று ஏற வேண்டும் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும்வரை எதுவும் நகராது. அப்படியே விளிம்பில் உட்கார்ந்து, கால்களை வெளியே போட்டு, சுவரைப் பார்த்தபடி திரும்பி, உடம்பின் எடையை மெதுவாகக் கயிற்றில் இறக்குங்கள். குதிக்காதீர்கள். தளர்ந்த கயிற்றில் குதித்தால் பிரேக் பிடிக்குமுன் உடம்பு விழுந்து, திடீரென்ற உதறல் மார்பிலும் இரும்புக் கையிலும் இறங்கும்.

தொங்கியாயிற்று என்று தெரிந்ததும் கயிறுகளை விடுங்கள். பயந்த கை கயிற்றைத்தான் தேடும் என்பதால் விடுவதற்கு மனம் வராது. ஆனால் பிடித்தபடி இறங்கினால் ஏறும் கயிறு உள்ளங்கையைக் கிழிக்கும், அல்லது நடுவழியில் நின்றுபோவீர்கள். கைகளைத் தலைக்கு மேலே தூக்கவே கூடாது. தூக்கினால் அக்குள் திறந்து பெல்ட் தலைவழியாக நழுவும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, உள்ளங்கைகளால் சுவரை லேசாகத் தள்ளியபடி இறங்குங்கள். உடம்பு சுழலாமல் இருக்கவும், பலகைகளில் இடிக்காமல் இருக்கவும் அது உதவும். முழங்கால்களைச் சற்று மடக்கி வைத்துத் தரையைத் தொடுங்கள்.

இறங்கியவுடன் பெல்ட்டைக் கழற்றி விட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்கள் கீழே வந்தபோது மறுமுனையின் பெல்ட் மேலே போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்தவர் அதை அணிந்து இறங்க, நீங்கள் கழற்றிய பெல்ட் மேலே போகும். கயிற்றைச் சுருட்டத் தேவையில்லை. முதலில் இறங்கியவர் பதற்றத்தில் பெல்ட்டோடு நின்றால் மேலே உள்ளவர் இறங்க வழியில்லை. ரீலில் மிச்சக் கயிறு சுற்றியிருந்தால் அதையும் பிரித்துவிட வேண்டும்.

ஒற்றைப் பெல்ட் உள்ளது வேறு

மோட்டல் அறைகளில் பெரும்பாலும் இருப்பது கானி வான்காங்கி என்ற எளிய வகை. அதில் ஒரு பெல்ட்தான். ஒருவர் ஒரு முறை இறங்குவதோடு அதன் வேலை முடிந்தது. மாறி மாறிப் பயன்படுத்த முடியாது. இரண்டு பேர் தங்குகிற அறையில் அத்தகைய பெட்டி ஒன்று மட்டும் இருந்தால், அறையை ஏற்றுக்கொள்ளும் முன்பே கேளுங்கள். பெட்டியைத் திறந்து பெல்ட்டுகளை எண்ணினால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

குடியேறும் நாளிலேயே பார்க்க வேண்டியவை

ஜன்னல் திறப்பு குறைந்தது 50 செ.மீ. அகலமும் 1 மீட்டர் உயரமும் இருக்க வேண்டும். அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏறுவதற்குப் படி வைக்க வேண்டும் என்பதும் விதி. அந்த இடத்தில் கட்டிலையோ அலமாரியையோ போட்டு அடைத்துவிடாதீர்கள். மூடியே வைக்கும் கண்ணாடி என்றால் உடைக்கச் சுத்தியல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கயிறு பொருத்தும் இடத்திலிருந்து தரை வரை எட்ட வேண்டும். 8வது தளத்து வீட்டில் 5வது தளத்துக்கான கயிறு இருந்தால் மூன்று தள உயரத்தில் தொங்க வேண்டியதுதான். பெட்டியில் எந்தத் தளத்துக்கானது, எத்தனை மீட்டர் என்று அச்சிட்டிருப்பதை உங்கள் தளத்தோடு ஒப்பிடுங்கள். இரும்புக் கையை ஆட்டிப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றிச் சுவர் பொரிந்திருந்தாலோ துரு வடிந்த கறை தெரிந்தாலோ வீட்டுக்காரரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். கயிற்றின் உறையில் வெட்டு, பூஞ்சை, கம்பி வெளித்தெரிதல், பெல்ட் தையலில் பிரிதல் இருக்கக் கூடாது.

கருவியை மட்டும் திறக்காதீர்கள். இறுகிப் போயிற்றோ என்று எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. உரசித்தான் வேகம் குறைய வேண்டிய பிரேக்கில் எண்ணெய் பட்டால் உரசல் போய்விடும். கையால் கயிற்றை ஒரு பக்கம் இழுத்துப் பாருங்கள். சீரான எதிர்ப்போடு வந்தால் சரி. தடையே இல்லாமல் ஓடினாலும், விட்டு விட்டு வந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

பழகிப் பார்க்கச் சொந்த ஜன்னலைப் பயன்படுத்த வேண்டாம். தலைநகர் சியோலில் குவாங்நாரு, போராமே என்ற இரண்டு பாதுகாப்புப் பயிற்சி மையங்களில் பயிற்சியாளர் துணையோடு வான்காங்கியில் இறங்கப் பழக்குகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போகலாம். வீட்டில் செய்யக்கூடியது, செய்ய வேண்டியது: அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலை மூடியே வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து, கொக்கியை மாட்டி, மரையைத் திருகிப் பூட்டிப் பாருங்கள். பிறகு கழற்றி, கயிறு முறுக்கிக்கொள்ளாமல் பழையபடி பெட்டியில் வையுங்கள்.