கிவியில் முதலில் ஆண் கொடியைப் பாருங்கள்

நியூசிலாந்தின் டெ புகேயில் ஒன்பது வருடமாகக் கிவித் தோட்ட வேலை பார்க்கிறேன். கிவி போடுகிறேன் என்பவர்களிடம் முதலில் கேட்பது, ஆண் கொடி எத்தனை? எட்டுப் பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடியாவது வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கவும் வேண்டும். பூவை மல்லாத்திப் பாருங்கள்: நடுவில் வெள்ளை இழைகள் நட்சத்திரம் போல் விரிந்திருந்தால் அது பெண். நவம்பரில் பூக்கும்போது தேனீப் பெட்டிகளை வைப்போம். மகரந்தம் குறைந்தால் விதை குறையும், காய் சிறுத்துவிடும், ஏற்றுமதிக்கு ஆகாது.

வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. குளிர்காலத்தில் காய்த்த கிளைகளைக் கழித்து, புதுக் கிளைகளைப் பந்தல் கம்பியில் கட்டுங்கள். ஒரு வருடம் சோம்பினேன். பந்தல் முழுக்க இலைதான்.

அப்புறம், அறுவடைக்கு நிறத்தை நம்பாதீர்கள். ஹேவர்டு ரகமென்றால் சாறு ஒரு சொட்டு விட்டால், சர்க்கரை அளவு பார்க்கும் மானி 6.2 பிரிக்ஸாவது (அந்த அளவின் அலகு) காட்ட வேண்டும். காய் கல் மாதிரி இருக்கும்போதே பறித்து, குளிர் கிடங்குக்கு ஏற்றிவிடுவோம்.