குடை பிடித்துக் கண்டுபிடித்த கசிவு

டொராண்டோவில் நாங்கள் வாங்கியது 1950களில் கட்டிய வீடு. தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்டுக்கு இறங்கினாலே ஈர மண் வாடை. சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பார்க்க வந்தவர், வீட்டைச் சுற்றித் தோண்டி அடைக்க வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். தலை சுற்றியது.

சரி, முதலில் நாமே பார்ப்போம் என்று ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டேன். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அறைக்காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்தால் மண்ணிலிருந்து வருவது. சுவர்ப்பக்கம்தான் நனைந்திருந்தது.

அப்புறம் ஒரு பெருமழையில் குடையோடு வெளியே நின்றேன் (பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ!). கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அஸ்திவாரத்தின் காலடியிலேயே கொட்டியது. மண்ணும் வீட்டை நோக்கித்தான் சரிந்திருந்தது. குழாயை ஆறடி நீட்டி, சுவரோரம் களிமண் இட்டு வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்தேன். பேஸ்மென்ட் தரை வடிகாலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன், தயங்காமல் இறங்கியது.

கசிவு நின்றுவிட்டது. கோடையில் மட்டும், காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையரை ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்து ஓட விடுகிறேன். ஜன்னலைத் திறப்பதில்லை, வெளியிலிருந்து வரும் வெக்கைக் காற்று பட்டால் குளிர்ந்த சுவர் வியர்க்கிறது.