வெளியே போய்ப் பழகிய பூனையை மண் பெட்டிக்குப் பழக்கும்போது எங்கே தவறுகிறது?

குட்டியாக வந்த பூனைக்கு மண் பெட்டி, அதாவது வீட்டுக்குள் மலசலம் போக வைக்கும் மண் போட்ட பெட்டி, பழக்குவது பெரிய வேலையில்லை. மூன்று நான்கு வருஷம் மரக்கறித் தோட்டத்திலும் தேயிலை மலையிலும் திரிந்த பூனைதான் ஆளைச் சோதிக்கும். தோண்டவும் மூடவும் அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த மண், எந்த மூலை, எந்த நேரம் என்பதை அது எப்போதோ முடிவு செய்துவிட்டது. அந்த முடிவை ஒரே நாளில் மாற்றப் பார்ப்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுகிறது.

முதல் நாளே கடை மண்ணைக் கொட்டுவது

கண்டியிலோ நுவரெலியாவிலோ வாங்கிய வாசனைக் களிமண் உருண்டையைப் பெட்டி நிறையக் கொட்டி, பூனையைத் தூக்கி அதில் வைப்பார்கள். பூனை காலை உதறிவிட்டு இறங்கி, கட்டிலுக்குக் கீழே போய் இருந்துவிடும். கரட், லீக்ஸ் பாத்தியின் பொலபொலப்பான மண்ணைத் தோண்டிய காலுக்கு அந்த உருண்டை கல்லு மாதிரி. வாசனை மனிதருக்குப் பிடிக்கலாம், பூனைக்குப் பிடிக்காது.

அது போகிற இடத்து மண்ணையே பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். மருந்து அடித்த பாத்தி என்றால் அதை விட்டுவிட்டு, மருந்து படாத பக்கத்தில் அதே மாதிரி மண்ணாக எடுங்கள். கல், வேர் பொறுக்கிச் சலித்து, தகரத்தில் பரப்பி ஒன்றிரண்டு நாள் வெயிலில் போடுங்கள். வெயிலே இல்லாத வாரமென்றால் அடுப்புக்குப் பக்கத்தில் பரப்பினாலும் காயும். பெட்டியில் 2 முதல் 3 அங்குல உயரம் போதும். அதற்கு மேல் போட்டால் கால் புதைகிறது என்று சில பூனைகள் இறங்கிவிடும். வெளியே அது போட்டதில் சிறு துண்டை எடுத்து ஒரு மூலையில் வைத்தால், இடம் எதற்கென்று மணத்திலேயே புரிந்துகொள்ளும்.

முதல் நான்கைந்து நாள் வெறும் மண். பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை கால் பங்கு மண்ணை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு நீங்கள் நிரந்தரமாகப் போடப் போவதைக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் பெட்டிக்குப் போவதை நிறுத்தினால் முந்தின கலவைக்கே திரும்பி ஒரு வாரம் விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முழுதாக மாற்றலாம். அவசரப்பட்டால் இன்னும் நாளாகும்.

எதைக் கலப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. மரம் அரியும் இடத்திலிருந்து அள்ளிய ஈரத் தூள் மலைநாட்டுக் குளிரில் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். தச்சுப் பட்டறையில் கிடைக்கும் காய்ந்த தூளும் சீவலும் நல்லவை. ஆனால் வார்னிஷ் பூசியதோ பூச்சி மருந்து போட்டதோ வேண்டாம். மாப்போல் நுண்ணிய தூளைச் சலித்துக் கழித்துவிடுங்கள், பூனையின் மூக்கில் ஏறும். பைனஸ் மரத்தூளின் கடுமணத்தையும் தவிர்க்கலாம்.

அடுப்புச் சாம்பல் எல்லா வீட்டிலும் இருப்பதால் கை அதற்குத்தான் போகும். பூனையும் அதில் விரும்பித் தோண்டும். நனைந்த சாம்பல் காரமாகிப் பாதத்தை அரிக்கும், அந்தப் பாதத்தை அது நக்கும். உள்ளே கங்கு இருந்தால் கேட்கவே வேண்டாம். அடுப்படிச் சாம்பல் குவியலையும் மூடி வையுங்கள். இல்லாவிட்டால் பெட்டி இருக்க அதுவே கக்கூசாகும். குடித்த தேயிலைச் சக்கையும் ஆகாது. ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சணம் கட்டும். அதிலுள்ள கஃபீன் பூனைக்கு நஞ்சு.

சின்னப் பெட்டி, மூடிய பெட்டி

பெட்டியின் நீளம் பூனையின் மூக்கிலிருந்து வால் அடி வரையான அளவில் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். கடையில் விற்கும் தட்டுகளில் பல குட்டிக்குத்தான் காணும். ஏறக்குறைய 24 அங்குல நீளமும் 16 அங்குல அகலமும் உள்ள சாமான் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் 5 அங்குல உயரத்துக்கு வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருந்தால் மண் வெளியே சிதறாது. மூடி போட வேண்டாம். ஈரக் காற்றில் மூடிய பெட்டிக்குள் மூத்திர நெடி தேங்கும்.

இடம்

நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே. அங்கே சீமெந்துத் தரை காலையில் ஐஸ் மாதிரி இருக்கும். பெட்டிக்குக் கீழே பலகையோ மடித்த சாக்கோ போடுங்கள், மண்ணும் சீக்கிரம் ஈரிக்காது. முதலில் இஸ்தோப்பில், சாரல் அடிக்காத மூலையில், அது வழக்கமாக வெளியே இறங்கும் வழிக்குப் பக்கத்தில் வையுங்கள். அங்கே போகத் தொடங்கியதும் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு முழம் உள்ளே நகர்த்துங்கள். ஒரே நாளில் காம்பராவுக்குள் தூக்கி வைத்தால் பூனை பழைய மூலைக்கே போய் வெறுந்தரையில் இருந்துவிடும்.

லயத்துக் காம்பராவில் இடம் எங்கே என்று கேட்பது நியாயம்தான். சாப்பாட்டுத் தட்டு ஒரு மூலை, பெட்டி எதிர் மூலை, ஆள் நடக்கும் வழியில் வேண்டாம். இதற்கு மேல் இடம் தேட முடியாது, பூனையும் அவ்வளவாகக் கேட்காது.

பாதி உள்ளே, பாதி வெளியே

விடிய ஐந்தரைக்குக் கதவைத் திறந்ததும் பூனை வெளியே பாயும். பிறகு பெட்டிக்கு ஏன் போகும்? பழக்கும் நாட்களில் காலைச் சாப்பாட்டைக் கதவு திறக்கும் முன் கொடுங்கள். வயிறு நிறைந்த அரை மணிக்குள் பல பூனைகளுக்கு முட்டும். பெட்டிக்குப் போன பிறகே கதவு. முதல் வாரம் ஒரே அறைக்குள் வைத்திருந்தால் இன்னும் நல்லது. இரவு இரண்டு மணிக்குக் கத்துகிறது என்று ஒரு தடவை திறந்தால், கத்தினால் கதவு திறக்கும் என்ற பாடத்தைத்தான் அது படிக்கும்.

தொடங்க நல்ல காலம் மழைக்காலமே. மேற்குச் சரிவில் ஜூன், ஜூலை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகு. நனைய விரும்பாத பூனை பாதி வேலையைத் தானே செய்துவிடும்.

புதிதாக அடைத்த பூனை ஒரு நாள் வரை அடக்கிக்கொண்டு இருக்கக்கூடும். 24 மணித்தியாலம் தாண்டியும் மூத்திரம் போகாவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஆண் பூனை பெட்டிக்குள் திரும்பத் திரும்ப ஏறி முக்கி, சொட்டுக்கூட வராவிட்டால் மணிக்கணக்குப் பார்க்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள். மூத்திரக் குழாய் அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போகும். பேராதனை மிருக வைத்திய பீடத்தின் போதனா மருத்துவமனை கண்டிப் பக்கத்தவர்களுக்கு அருகில்.

சுவரில், கதவு நிலையில் வாலை நிமிர்த்திப் பீய்ச்சுவது வேறு. அது எல்லை குறிப்பது, பெட்டி வைத்து நிற்காது. விதை எடுத்தால் பெரும்பாலான ஆண் பூனைகள் நிறுத்திவிடும்.

சுத்தம்

காலையும் மாலையும் அள்ளுங்கள். மண்ணும் தூளும் கட்டிபிடிக்காதவை. ஆகவே மழை நாட்களில் மூன்று நாளைக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிட வேண்டும். பெட்டியைச் சுடுதண்ணீரும் சாதாரண சவர்க்காரமும் போட்டுக் கழுவினால் போதும். டெட்டோல், பினாயில் போன்றவை வேண்டாம். அவற்றிலுள்ள பீனோல் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. மூத்திரத்தின் மேல் குளோரின் ஊற்றினால் மூச்சை அடைக்கும் புகை எழும்.

தரையில் போய்விட்டால் மூக்கைப் பிடித்துத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் வீண். ஆள் இருக்கும்போது போகக்கூடாது என்று கற்றுக்கொண்டு ஒளிவிடம் தேடும். என்சைம் உள்ள சலவைத்தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்கள். சீமெந்து உறிஞ்சும், ஒரு தடவையில் நெடி போகாது.

கழித்த மண்ணை மரக்கறிப் பாத்தியில் போடாதீர்கள். பூனை மலத்தில் மனிதருக்கும் தொற்றக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்கலாம். பீலிக்கும் ஊற்றுக்கும் தூரமாக ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். அந்தக் கிருமி மலத்தோடு வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாளில்தான் தொற்றும் நிலைக்கு வரும், தினமும் அள்ளுவதற்கு அதுவும் ஒரு காரணம். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விடட்டும்.

ஒரு மாதம் தவறாமல் போன பிறகு, பனி விலகி வெயில் வந்ததும் பெட்டியை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. பூனை மறுபடி பாத்திக்கே போகும், அடுத்த மழைக்கு முதல் நாள் மண்ணிலிருந்து தொடங்க வேண்டி வரும். வெளியே விட்டாலும் பெட்டி அதே மூலையில் இருக்கட்டும். இரண்டு பூனை என்றால் மூன்று பெட்டி. இடமில்லாவிட்டால் இரண்டையாவது தள்ளித் தள்ளி வையுங்கள்.