நாள்பட்ட நுரையீரல் நோய் திடீரெனத் தீவிரமாவது ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறது?

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள இருவருக்கு, ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் ஒரே அளவு வந்தாலும், ஒருவருக்கு ஆண்டில் மூன்று முறை மூச்சுத்திணறல் முற்றலாம், மற்றவருக்கு ஒருமுறைகூட முற்றாமல் இருக்கலாம். ஆகவே உங்கள் போக்கை அறிய, கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை நோய் தீவிரமாகி மாத்திரையோ ஊசியோ தேவைப்பட்டது என்பதை முதலில் எழுதுங்கள். அடுத்த ஆண்டைக் கணிக்க அதைவிட நம்பகமான அடையாளம் இல்லை என்று சிஓபிடி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான எக்லிப்ஸ் ஆய்வு காட்டியது.

அடுத்து, ஒவ்வொரு முறையும் சளியின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சளி பச்சையாகவோ அடர்மஞ்சளாகவோ மாறி, அளவும் திணறலும் கூடினால் பாக்டீரியாத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரணச் சளிக்காய்ச்சலைத் தொடர்ந்து வந்தால் வைரஸைச் சந்தேகிக்கலாம். விறகடுப்புப் புகையும் காற்று மாசும் சிலருக்குத் தூண்டுதலாகின்றன, சிலருக்கோ காரணமே பிடிபடுவதில்லை.

இரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் எனும் வெள்ளையணு வகையின் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 300க்கு மேல் இருப்பவர்களுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு நன்கு பயன்தருகிறது, 100க்குக் கீழே பயன் மிகக் குறைவு. பக்கத்து வீட்டுக்காரரின் இன்ஹேலரை வாங்கிப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதய நோயோ நெஞ்செரிச்சலோ இருந்தால், அவையும் இந்த வேறுபாட்டுக்குக் காரணமாகலாம் என்பதால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உதடு நீலமானாலோ, குழப்பமோ மயக்கமோ ஏற்பட்டாலோ, குறிப்பேட்டை விட்டுவிட்டு உடனே 108ஐ அழையுங்கள்.